அரபிக்கடலுக்கு மேலே பின்காற்று

வியாழக்கிழமை காலைகளில் எட்டுப் போத்தல்களையும் இறக்கிக் கழுவி நிரப்புவது குணலட்சுமியின் வேலை. கிணற்று நீரைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிப்பாள். கோப்பாய்க் கிணறுகளில் சுண்ணாம்பும் சேர்ந்தே ஊறும். என்னதான் வடித்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்குப் பழப்புளிக் கரைசல் விட்டு ஊறவைக்க வேண்டும். குழாய் அடைத்தால் சொட்டு நிற்கும். சொட்டு நின்றால் எஞ்சின் நின்றதாகக் கணக்கு. எஞ்சின் நின்றால், திரைக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய கணவர் பஞ்சலிங்கம், "மூண்டாம் எஞ்சின் போட்டுது" என்றோ "நாலாம் எஞ்சின் போட்டுது" என்றோ அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்பது வருடமாக அவர் அப்படி அறிவிக்க வேண்டி வரவில்லை.

அது மகள் பத்மாசினி படித்த அறை. அவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகு மேசையும் கட்டிலும் வெளியே போய், விமானம் உள்ளே வந்தது. கூரை வளையிலிருந்து ஒரு கொளுக்கியில் ஆறடிப் பலகை ஒன்று தராசுக்கோல் மாதிரித் தொங்கும். அதுதான் சிறகு. இடப்பக்கம் நாலும் வலப்பக்கம் நாலுமாக, ஆசுப்பத்திரியில் கழித்துவிட்ட பிளாஸ்டிக் சேலைன் போத்தல்கள், அடி வெட்டப்பட்டு, வாய் கீழே பார்க்கத் தொங்கும். அவை எண்ணெய்த் தாங்கிகள். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு தலைமைத் தாங்கி, ஒரு துணைத் தாங்கி. போத்தல்களில் சிவப்பு மையால் கலன் கணக்குக் கீறியிருக்கும். குழாய்கள் இறங்கிவந்து, நிலத்தில் வரிசையாக வைத்த நாலு வெறும் ரின்பால் தகரப் பேணிகளுக்குள் சொட்டும். அவை எஞ்சின்கள். நிமிடத்துக்கு ஐம்பது சொட்டு. இடப்பக்கத்துத் தண்ணீரை வலப்பக்கத்துக்கு விட நடுவில் ஒரு குறுக்குக் குழாய். எல்லாக் குழாயும் ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் போய் வரும்; கோளாறு செய்வதற்குப் பஞ்சலிங்கம் அங்கே இருப்பார். ஒரு பக்கம் பாரம் கூடிச் சிறகு ஒரு சாண் சரிந்தால், விற்றுவிட்ட கன்றின் கழுத்துமணி ஒன்று அதன் நுனியில் கிடந்து அடிக்கும்.

பறப்பது என்று பார்த்தால் ஒன்றும் பறக்காது. கொழும்பிலிருந்து கராச்சிக்குப் போக ஏழு மணித்தியாலம் என்றால் ஏழு மணித்தியாலமும் தண்ணீர் சொட்டும். அடுத்த வியாழன் திரும்பி வர இன்னொரு ஏழு.

பஞ்சலிங்கத்தை ஊரில் பைலட் என்றுதான் சொல்வார்கள். சைக்கிள் கடைக்காரர் முதல் கோயில் ஐயர் வரை. அவர் திருத்துவதில்லை, திருத்தினால் அரை மணித்தியாலம் விளக்க வேண்டும், விளக்கிய பிறகும் அவர்கள் பைலட் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவர் இரத்மலானையில் ஒரு விமானக் கம்பனியின் பயிற்சி அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். பறக்காமலே பறக்கப் பழக்கும் அறை. பங்கா வைத்த, நாலு எஞ்சின் பழைய விமானம் ஒன்றின் எரிபொருள் பலகையை அப்படியே அங்கே செய்து வைத்திருந்தார்கள். பழகுகிற எஞ்சினியர் பலகைக்கு முன்னால் இருப்பார். பலகைக்குப் பின்னால், ஒருவருக்கும் தெரியாமல், பஞ்சலிங்கம் இருப்பார். முள்ளுகளை நகர்த்துவது அவர். தாங்கி கசிவது, வால்வு இறுகுவது, மானி பொய் சொல்வது எல்லாம் அவர்.

என்ன கோளாறு வரவேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. ஒரு விசுக்கோத்துப் பேணிக்குள் சுருட்டிப் போட்ட கடுதாசித் துண்டுகளில் மூன்றை எடுப்பார். வந்தது வந்ததுதான். எடுத்த துண்டைத் திருப்பிப் போடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். இல்லாவிட்டால் இவனுக்கு இலேசு, அவனுக்குக் கடுமை என்று கதை கிளம்பும். கம்பனி அந்த விமானங்களை விற்ற பிறகும் பயிற்சி அறையை மூடச் சொல்லி ஒருவரும் கடிதம் எழுதவில்லை. ஆகவே பஞ்சலிங்கம் மேலும் ஐந்து வருடம், இல்லாத விமானத்துக்கு, வேறு விமானத்துக்குப் பழக வந்தவர்களைப் பழக்கினார்.

அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. வேலையாட்களுக்குக் கிடைக்கும் இலவச ரிக்கற் வருடாவருடம் காலாவதியாகும். லீவுக்கு ஊருக்கு வர யாழ்தேவி ரயில்தான். எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்தபோது அகதிமுகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். கையில் பயிற்சிக் கணக்கு எழுதிய ஒரு கொப்பி. உடுத்த உடுப்போடு வந்த மற்றவர்கள் அதைப் பார்த்து, காணி உறுதி என்று நினைத்தார்கள்.

இரண்டு வருடம் விறாந்தையில் சும்மா இருந்தார். பிறகு ஒருநாள் மானிப்பாயிலிருந்து ஒரு சாக்குப்பை நிறையச் சேலைன் போத்தலோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். மூன்று மாதம் தட்டினார், கட்டினார், ஒழுகவிட்டார். முடிந்த அன்று குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், கொஞ்ச நேரம் உதிலை வந்து இரும்."

"என்னத்துக்கு?"

"எஞ்சினியர் வேணும். முன்னுக்கு ஆள் இல்லாமல் நான் பின்னுக்கு இருந்து என்ன செய்யிறது?"

"நான் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டெல்லே இருக்கிறன்."

"வெட்டும். கை வேண்டாம். காது காணும்."

குணலட்சுமி அரிவாளையும் சுளகையும் தூக்கிக்கொண்டு போய் இருந்தாள். அவர் விறாந்தையில் சும்மா இருந்த இரண்டு வருடத்தை அவள் பார்த்திருந்தாள். எதுவென்றாலும் அதைவிட இது பரவாயில்லை என்பதுதான் அவளுடைய எண்ணம். எஞ்சினியர் வேலையில் சேர்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

காது போதும் என்று அவர் சொன்னது சரிதான். நாலு பேணியும் நாலு சுருதியில் சொட்டும். ஆறு மாதத்துக்குள், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே இரண்டாம் எஞ்சின் பிந்துகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சட்டங்களும் பிடிபட்டன. கிளம்பும்போது ஒவ்வோர் எஞ்சினும் தன் தலைமைத் தாங்கியில்தான் குடிக்க வேண்டும். உயரத்துக்குப் போனபின் துணைத் தாங்கிகளுக்கு மாற்ற வேண்டும். துணைத் தாங்கி வற்றும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் பிறகு எஞ்சினை எழுப்புவது பாடு. அடிச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கும்போதே திருப்பிவிட வேண்டும். இறங்கும்போது மறுபடி தலைமைத் தாங்கி. அடுப்பில் சோறு, கறி, குழம்பு என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. அடுப்பைப் பற்றி ஒருவரும் கொப்பி எழுதவில்லை என்பதுதான் வித்தியாசம்.

தொண்ணூறில் மின்சாரம் போனபோது ஊரே தடுமாறியது. விமானத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெற்றோல் நின்றது, அப்போதும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் குடாநாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு இல்லாமல் ஓடிய ஒரே வாகனம் அதுதான்.

பக்கத்து வளவுத் தில்லைநாதனுக்குத் தோட்டத்தில் வெங்காயம். தண்ணி மிசினை மருந்துப் போத்தலில் இருக்கும் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவான். ஒரு காலையில் மிசின் கிளம்பவில்லை. இழுத்து இழுத்துத் தோள் கழன்றதும் வேலியடிக்கு வந்தான்.

"பைலட் அண்ணை நிக்கிறாரே அக்கா?"

"குளிக்கிறார். என்ன?"

"மிசின் செத்துப்போச்சு. நேற்று நல்லா ஓடினது."

"நேற்று எப்பிடி நிப்பாட்டினாய்?"

"எப்பிடியெண்டால்? நிப்பாட்டினான்."

"மண்ணெண்ணெயிலை ஓடேக்கையே நிப்பாட்டினியோ?"

"ஓம்."

"நிப்பாட்ட முந்திப் பெற்றோலுக்கு மாத்தி ரண்டு நிமிசம் ஓடவிட வேணும். இப்ப காபிரேற்றருக்குள்ளை மண்ணெண்ணெய் நிக்குது. குளிர்ந்த எஞ்சின் அதைக் குடிக்காது. கழட்டி ஊத்திப்போட்டு இழு."

தில்லைநாதன் போனான். கால் மணித்தியாலத்தில் மிசின் சத்தம் கேட்டது. பின்னேரம் ஒரு பிடி வெங்காயத்தோடு வந்து, பஞ்சலிங்கத்தின் கையில் கொடுத்து, "அண்ணை, பெரிய உபகாரம்" என்றான். பஞ்சலிங்கம் வாங்கி வைத்துக்கொண்டார். குணலட்சுமி வெங்காயத்தை உரித்தாள்.

மற்றது, செம்பு விவகாரம்.

அது தொடங்கியது எண்பத்தெட்டில். பதினொரு மணிக்குப் பஞ்சலிங்கம் குளிக்கப் போவார். விமானம் அதற்காக நிற்காது. முன்னால் இருப்பவர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று அரபிக்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது சோறு பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் குசினிக்கு ஓடினாள். அவள் அங்கே நிற்கும்போது மணி அடித்தது. திரும்ப ஓடிவந்து பார்த்தால் வலச்சிறகு தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூன்றாம் தாங்கியில் அடிமட்டம். முறைப்படி குறுக்குக் குழாயைத் திறந்து, இடப்பக்கத்திலிருந்து விட்டு, சிறகு சமனாகும்வரை நின்று பார்க்க வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். குசினியில் புகை. மேசையில் செம்பு நிறைய வடித்த தண்ணீர். அவள் அரைச் செம்பை மூன்றாம் தாங்கிக்குள் ஊற்றினாள். சிறகு சமனானது, மணி நின்றது, அவள் போய்ச் சோற்றைப் பார்த்தாள்.

குழம்பில் உறைப்புக் கூடினால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடுவதில்லையா, அப்படித்தான் அவள் அதை நினைத்தாள். அன்று பின்னேரம் பஞ்சலிங்கம் திரைக்குப் பின்னால் கனநேரம் கணக்குப் பார்த்தார். கராச்சியில் இறங்கும்போது இருக்க வேண்டியதைவிட எழுபது கலன் கூட இருந்தது. மூன்று தரம் கூட்டினார். சொட்டைக் கைக்கடிகாரம் வைத்து எண்ணினார். ஐம்பதுதான். கடைசியில், பின்னாலிருந்து காற்றுத் தள்ளினால் எண்ணெய் மிஞ்சும் என்று, கொப்பியில் ஒரு புதிய நிரல் கீறி, தலைப்பில் "பின்காற்று" என்று எழுதினார்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வியாழனும் இல்லை. கறி கூடின வியாழன், விருந்தாள் வந்த வியாழன், முழங்கால் வலித்த வியாழன். பின்காற்று நிரலில் ஐம்பது, எண்பது, அறுபது என்று இலக்கங்கள் ஏறின. மேற்கே போகும்போதும் பின்காற்று அடித்தது. கிழக்கே திரும்பி வரும்போதும் பின்காற்று அடித்தது. பஞ்சலிங்கம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "அரபிக்கடல் ஒரு வினோதமான கடல்" என்றார். குணலட்சுமி, "இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?" என்றாள்.

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு வைகாசியில் பத்மாசினியின் கடிதம் வந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு வயிற்றில் பிள்ளை. முதல் இரண்டு தரமும் நிலைக்கவில்லை. இது ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது. ஐப்பசியில் எதிர்பார்க்கிறது. "அம்மாவும் அப்பாவும் கட்டாயம் வரவேணும். ஸ்பொன்சர் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அம்மா பக்கத்திலை நிண்டால் எனக்குப் பயமில்லை" என்று எழுதியிருந்தாள். குணலட்சுமி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வாசிக்காமல் மடித்துச் சுவாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஊரைவிட்டுக் கொழும்புக்குப் போக முதலில் இயக்கத்திடம் பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, எடுக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தில், போகிற ஒவ்வொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனி மாதம் மூன்றாம் வெள்ளிக்கு முன் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கிளாலி வள்ளம், வவுனியா, கொழும்பில் பாஸ்போட், விசா. ஒன்றில் பிந்தினால் எல்லாம் பிந்தும், பிள்ளை பிந்தாது. குணலட்சுமி தன் கையெழுத்தை அன்றே வைத்துவிட்டாள். பாரத்தை அவருடைய கொப்பிக்கு மேலே வைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் பாரம் கொப்பிக்குக் கீழே இருந்தது.

"என்ன, வாறியளோ இல்லையோ?"

"கப்பலிலை எண்டால் வாறன்."

"கனடாவுக்கு ஆர் கப்பல் விடுறான்?"

"அதுதானே."

"இருபத்திரண்டு வருசம் பிளேன் பழக்கின ஆள். வெளியிலை சொன்னால் சிரிப்பினம்."

"பழக்கினபடியால்தான் சொல்லுறன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஞ்சின் பிழை விடாதப்பா. மனுசன்தான் விடுவான். முந்நூற்றிப் பதினொரு பேர் என்ரை பலகைக்கு முன்னாலை வந்து இருந்தவங்கள். எல்லாம் படிச்ச ஆக்கள். ஒருத்தன் மிச்சமில்லை, ஆளுக்கு ஒருக்காவாவது ஒரு எஞ்சினைச் சாகவிட்டவன். தாங்கியிலை எண்ணெய் இருக்கும், இவன் வெறுந் தாங்கியைத் திறந்துபோட்டுப் பாத்துக்கொண்டிருப்பான். அவங்களிலை ஆரோ ஒருத்தன் ஓட்டுற பிளேனிலை என்னை ஏறச் சொல்லுறீர்."

"அவங்கள் எல்லாம் இப்ப பென்சன் எடுத்திருப்பாங்கள்."

"வேறை ஆக்கள் வந்திருப்பாங்கள். அவங்களும் மனுசர்தானே."

"அப்ப நான் தனியப் போகட்டோ?"

"போம்."

"போனால் நீங்கள் அடுப்பு மூட்டுவியளோ?"

அவருக்கு நெருப்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. சீனி வருத்தத்துக்கு எந்தக் குளிசை காலையில், எந்தக் குளிசை இரவில் என்றும் தெரியாது. அவரை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. அது பாசமா, பழக்கமா என்று அவள் ஆராயவில்லை. போவதென்றால் இரண்டு பேரும். இல்லையென்றால் ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லையென்றால் பத்மாசினி அங்கே தனியாக.

மூன்று நாள் அவள் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, குளிசை நேரத்துக்கு வந்தது, கதை வரவில்லை. நாலாம் நாள் பஞ்சலிங்கம் குசினி வாசலுக்கு வந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் வந்த அதே இடம்.

"ஒரு விசயம். முந்நூற்றிப் பதினொரு பேரும் பிழை விட்டவங்கள் எண்டனான். முந்நூற்றிப் பன்னிரண்டாவது ஆள் இன்னும் விடேல்லை."

"ஆர் அது?"

"நீர்தான்."

குணலட்சுமி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை.

"கொப்பியிலை இருக்கு," என்றார் அவர். "ஒம்பது வருசம். நானூற்றிச் சொச்சப் பயணம். ஒரு எஞ்சின் நிக்கேல்லை. அப்பிடியும் ஒரு மனுசரால ஏலும் எண்டால், உலகத்திலை இன்னொரு ஆளும் இருக்கலாம். எங்கடை பிளேனிலை அந்த ஆள் இருக்கலாம்." சிறிது யோசித்தார். "வியாழக்கிழமை கராச்சிக்குப் போவம். வழமையான மாதிரி மூண்டு துண்டு எடுப்பன். ஒரு எஞ்சினும் நிக்காமல் கொண்டுபோய் இறக்கினீர் எண்டால் கையெழுத்து வைக்கிறன்."

"நிண்டால்?"

"நிண்டால் நீரும் எல்லாரையும் போலத்தான்."

அவர் போன பிறகு குணலட்சுமி கழுவிய அம்மியை மறுபடியும் கழுவினாள். நானூற்றிச் சொச்சத்தில் எத்தனை அரைச் செம்பு என்று கணக்குப் பார்க்க முயன்று விட்டுவிட்டாள். இந்த முறை செம்பைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தாள். மனுசன் உயிரை நம்பி ஏறப்போகிற விசயம். அதுவும் சட்டமெல்லாம் அவளுக்குத் தெரியாததா என்ன? சோறு பொங்கினால் பொங்கட்டும். முதல்நாளே கறி வைத்துவிடலாம், வியாழனுக்குப் பாண் வாங்கலாம்.

வியாழன் ஆறு மணிக்குப் போத்தல்களைக் கழுவி நிரப்பினாள். குழாய்களுக்குப் பழப்புளி விட்டு ஊதினாள். பஞ்சலிங்கம் அன்று என்றுமில்லாதவாறு விடியவே குளித்து, திருநீறு பூசி, தோய்த்த வேட்டியுடன் வந்தார். விசுக்கோத்துப் பேணியைக் குலுக்கி மூன்று துண்டு எடுத்தார். எடுத்தவர் பேணியோடு திரைக்குப் பின்னால் போனார். கடுதாசியை விரிக்கிற சத்தம், மடிக்கிற சத்தம், மறுபடி விரிக்கிற சத்தம். பேணி மூடி திறபடவில்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். நாலு பேணியும் சீராகச் சொட்டின. எட்டுக்குத் துணைத் தாங்கிகளுக்கு மாற்றினாள். ஒன்பதரைக்கு மூன்றாம் துணைத் தாங்கி மற்றவற்றைவிடக் கெதியாக இறங்கத் தொடங்கியது.

"மூண்டாம் துணை கசியுது," என்றாள்.

"ஓம்," என்றது திரை. அது முதல் துண்டு.

அவள் மூன்றாம் எஞ்சினைத் தலைமைத் தாங்கிக்குத் திருப்பினாள். கசிந்த அளவை ஈடுசெய்யக் குறுக்குக் குழாயின் கிளிப்பைத் திறந்தாள். ஒன்றும் ஓடவில்லை. ஊதிப் பார்த்தாள். சுண்ணாம்பு இல்லை, திரைக்குப் பின்னால் இறுக்கியிருக்கிறது.

"குறுக்குக் குழாய் திறக்குதில்லை."

"ஓம்." இரண்டாம் துண்டு.

குணலட்சுமி பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டாள். மூன்றாம் தலைமைத் தாங்கியில் இருப்பது ஒன்றரை மணிவரை காணும். கராச்சி இரண்டு மணிக்கு. குறுக்குக் குழாய் இல்லாமல் அந்த அரை மணித்தியாலத்துக்கு எண்ணெய் எங்கேயிருந்தும் வராது. இப்படி வந்தால் செய்ய வேண்டியதும் அவளுக்குத் தெரியும். கிட்ட உள்ள இடத்தில் இறங்குவது.

"பம்பாயிலை இறங்கப் போறன்."

திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம். "பம்பாயிலை கடும் மழை. மூடியாச்சு."

"அது மூண்டாம் துண்டோ?"

"ஓம்."

"நல்லாத்தான் எடுத்திருக்கிறியள்."

"கையிலை வந்தது. திருப்பிப் போடேலாது," என்றார் அவர். குரல் வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்தது.

அதன் பிறகு சொட்டு மட்டும் விழுந்தது. பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பஞ்சலிங்கம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மூன்றாம் தாங்கியைப் பார்த்தார். மேசையில் இருந்த செம்பைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

"நான் குளிச்சிட்டு வாறன்," என்றார்.

யன்னலால் பார்த்தாள். கொடியில் காலையில் அவர் காயப்போட்ட துவாய் இன்னும் ஈரமாக நின்றது. அதையே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். ஒரு நாளில் இரண்டு தரம் குளிக்கிற ஆள் அல்ல அவர். காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லி ஒரு தரத்தையே விடப்பார்க்கிறவர். கிணற்றடியில் கப்பிச் சத்தம் உடனே கேட்கவில்லை. கனநேரத்துக்குக் கேட்கவில்லை.

குணலட்சுமி எழும்பி நின்றாள். இருந்தாள். மூன்றாம் பேணி மற்ற மூன்றோடும் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. தொடுவதில்லை என்று தீர்மானித்தது நினைவிருந்தது. பத்மாசினியின் கடிதமும் நினைவிருந்தது. அவள் செம்பை எடுத்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், அரை மணித்தியாலத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அளந்து மூன்றாம் தாங்கிக்குள் விட்டாள். பிறகு, காற்று எதிர்த்து அடித்தாலும் என்று நினைத்து, இன்னும் ஒரு வாய் விட்டாள்.

செம்பைக் கீழே வைத்த பிறகுதான் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

பஞ்சலிங்கம் தலை துவட்டியபடி வந்து திரைக்குப் பின்னால் போனார். போகும் வழியில் மூன்றாம் தாங்கியை ஒரு கணம் பார்த்தார். பென்சில் எழுதுகிற சத்தம் கேட்டது. ஒன்றரை மணி ஆனது; நாலு பேணியும் சொட்டின. ஒன்றே முக்காலுக்கு எல்லா எஞ்சினையும் தலைமைத் தாங்கிகளில் வைத்து அவள் இறக்கத்தைத் தொடங்கினாள். இரண்டுக்குக் கராச்சி. கிளிப்புகளை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக இறுக்கினாள். மூன்றாம் தாங்கியின் அடியில் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் தண்ணீர் நின்றது.

"இறங்கியாச்சு," என்றாள்.

பஞ்சலிங்கம் கொப்பியோடு வெளியே வந்தார். அவளுடைய கதிரைக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். கொப்பிக்குள்ளிருந்து பாஸ் பாரத்தை எடுத்தார். நாலாக மடித்திருந்தது, முழங்காலில் வைத்து நீவினார். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்காமலே, அவளுடைய கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். பெயரை முழுதாக, புள்ளி கிள்ளி எல்லாம் வைத்து எழுதினார். மை காய ஊதினார். பாரத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள்.

அவர் கொப்பியைத் திறந்து பின்காற்று நிரலில் விரலை வைத்தார். எண்பத்தெட்டிலிருந்து இன்றைக்கு மட்டும், பக்கம் பக்கமாக விரலை இறக்கினார். கடைசி இலக்கத்தில் நிறுத்தினார்.

"சரி. கையெழுத்து வைச்சாச்சு. அதை இனி ஒருத்தரும் அழிக்கேலாது," என்றார். "இப்ப சொல்லும். அரபிக்கடலுக்கு மேலை ஆறு வருசமா அடிக்கிற இந்தக் காத்து எங்கையிருந்து வருது?"

குணலட்சுமி பாரத்தை இரண்டாக மடித்து இடுப்பில் செருகினாள். மேசையில் இருந்த செம்பை எடுத்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதை யன்னலால் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினாள். பிறகு திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த சிறகில் தலை முட்டாமல் குனிந்து, அறையை விட்டுப் போனாள்.